150 மீற்றருக்கு அப்பால்

ஒரு பொருளை விற்கலாமா என்பது ஒரு கேள்வி. அதை எந்த வீதியில், எந்த மூலையில், எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு தூரத்தில் விற்கலாம் என்பது வேறொரு கேள்வி. கனடாவில் கஞ்சாவைப் பொறுத்தவரை முதற்கேள்விக்கு 2018 ஒக்டோபர் 17ஆம் திகதி விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது கேள்விக்கு மாகாணங்களும் நகரசபைகளும் ஆளுக்கொரு விடையை எழுதியும் திருத்தியும் வந்திருக்கின்றன. முதற்கேள்வியைப் பற்றி நம்மவர்கள் நிறையவே பேசினார்கள். இளைய தலைமுறை கெட்டுவிடும் என்றார்கள் சிலர்; தனிமனித சுதந்திரம் என்றார்கள் சிலர். இரண்டாவது கேள்வியோ அளவுநாடாவும் வரைபடமும் சம்பந்தப்பட்ட அலுப்பூட்டும் நிர்வாகக் காரியமாக ஒதுக்கப்பட்டது. நாம் அதை அவ்வாறு கருதவில்லை. ஒரு சமூகம் தான் அரைமனதோடு ஏற்றுக்கொண்ட ஒன்றைக் கொண்டுபோய் எங்கே வைக்கிறது என்று பார்த்தால், அந்தச் சமூகம் யாரை மதிக்கிறது, யாரை மதிக்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

ஒன்ராறியோ மாகாணத்தை எடுத்துக்கொள்வோம். முந்திய லிபரல் அரசு கஞ்சா விற்பனையை முழுவதுமாக அரசுக் கடைகளின் கையில் வைக்கத் திட்டமிட்டிருந்தது. 2018 ஜூன் தேர்தலில் டக் ஃபோர்ட் தலைமையிலான கொன்சர்வேடிவ் கட்சி வென்றதும் திட்டம் மாறியது. மொத்த விற்பனையும் இணைய விற்பனையும் அரசிடம், சில்லறை விற்பனை தனியாரிடம் என்று ஆயிற்று. அதற்கென இயற்றப்பட்ட 2018ஆம் ஆண்டின் கஞ்சா உரிமச் சட்டம் நகரசபைகளுக்கு ஓர் உரிமையைக் கொடுத்தது. எங்கள் எல்லைக்குள் கஞ்சாக் கடைகளே வேண்டாம் என்று 2019 ஜனவரி 22ஆம் திகதிக்குள் அவை தீர்மானம் நிறைவேற்றலாம். அவ்வாறு மறுத்த சபை பின்னர் எப்போது வேண்டுமானாலும் மனம் மாறி ஏற்கலாம். ஏற்றுக்கொண்ட சபையோ திரும்பிப் போக முடியாது. கதவு ஒரு பக்கமாக மட்டுமே திறக்கும். முடிவெடுக்க வேண்டியிருந்த 414 நகரசபைகளில் 77 மறுத்தன. ரொறன்ரோ ஏற்றது, பிராம்டன் ஏற்றது. மிசிசாகா, மார்க்கம், வோன், ரிச்மண்ட் ஹில், ஓக்வில் ஆகியவை மறுத்தன.

அதே சட்டம் ஏற்றுக்கொண்ட நகரசபைகளிடமிருந்து ஒன்றைப் பறித்துக்கொண்டது. கஞ்சாக் கடைக்கெனத் தனி உரிம முறை எதையும் நகரசபை வைத்துக்கொள்ளக் கூடாது. நிலப் பயன்பாட்டு விதிகளில் கஞ்சாக் கடையை மற்றச் சில்லறைக் கடைகளிலிருந்து பிரித்து நடத்தவும் கூடாது. செருப்புக் கடை எங்கே வரலாமோ அங்கே கஞ்சாக் கடையும் வரலாம். இதற்கு மாகாணம் வைத்த ஒரே இடஞ்சார்ந்த விலக்கு, பாடசாலையின் காணி எல்லையிலிருந்து 150 மீற்றர். பூங்காவோ, நூலகமோ, சமூக நிலையமோ, சிறுவர் காப்பகமோ இந்தக் கணக்கில் இல்லை. இன்னொரு கஞ்சாக் கடைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் இருக்கவேண்டும் என்பதும் கணக்கில் இல்லை.

இங்கேதான் நமது கருத்து வேறுபாடு தொடங்குகிறது. ஒரு நகரம் தன் வீதிகளைப் பற்றி நியாயமாகக் கேட்கக்கூடிய கேள்விகள் "எத்தனை?", "எவ்வளவு நெருக்கமாக?", "எந்த வீதியில்?" என்பவை. ஒன்ராறியோ இம்மூன்றையும் நகரசபையிடமிருந்து எடுத்துக்கொண்டு, நகரசபை கேட்டிருக்கவே கூடாத "வேண்டுமா, வேண்டாமா?" என்ற ஒன்றை மட்டும் அதன் கையில் கொடுத்தது. நாட்டின் சட்டம் அனுமதித்த ஒன்றை ஓர் ஊர் முழுமையாக மறுக்கலாம். ஆனால் ஏற்றுக்கொண்ட ஊர் அதை ஒழுங்குபடுத்த முடியாது. அதிகாரம் தலைகீழாகப் பங்கிடப்பட்டிருக்கிறது.

இதன் விளைவைக் காண ஸ்டீல்ஸ் அவெனியூவைப் பார்த்தால் போதும். நம் வாசகர்களில் பலருக்கு அந்த வீதி பழக்கமானது. தெற்கே ஸ்காபரோ, அதாவது ரொறன்ரோ மாநகரம், வடக்கே மார்க்கம். 2019இல் இந்த ஒரே வீதியின் ஒரு கரையில் சட்டபூர்வமான வணிகமாக இருந்தது, மறுகரையில் இடமில்லாத வணிகமாயிற்று. மார்க்கத்தில் வசிப்பவர் கஞ்சா வைத்திருக்கலாம், தன் வீட்டில் புகைக்கலாம், அரசின் இணையக் கடையிலிருந்து தபாலில் வருவித்துக்கொள்ளலாம். கடை மட்டும் தெற்கே இருக்கவேண்டும். மறுத்த ஊரில் பாவனை நின்றுவிடுவதில்லை. அதன் கடையும், கடைக்குரிய வாகன நெரிசலும், இரவு பதினொரு மணிவரை எரியும் விளக்கும் பக்கத்து ஊருக்கு இடம் மாறுகின்றன, அவ்வளவுதான்.

பக்கத்து ஊருக்குள்ளும் அவை எல்லா இடங்களுக்கும் சமமாகப் போய்ச் சேர்வதில்லை. தொடக்கத்தில் மாகாணம் குலுக்கல் முறையில் 25 உரிமங்களை மட்டுமே வழங்கியது. அவற்றில் ரொறன்ரோவுக்கு ஐந்து. 2019 ஏப்ரல் 1ஆம் திகதி அம்மாநகரில் திறந்த கடை ஒன்றே ஒன்று. 2020 ஜனவரியில் குலுக்கல் கைவிடப்பட்டு, தகுதியுள்ள எவரும் விண்ணப்பிக்கலாம் என்றானது. 2021 முடிவதற்குள் மாகாணத்தில் கடைகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் வெறுமையான கடைகளின் வாடகை ஒப்பந்தங்கள் கைமாறின. குயின் வீதி மேற்கிலும் கென்சிங்டன் சந்தையிலும் கடைக்குப் பக்கத்தில் கடை என்று கொத்துக் கொத்தாக முளைத்தன. குறைந்த வருமானம் உள்ளவர்கள் வாழும் பகுதிகளுக்கு அருகில் கஞ்சாக் கடைகள் கூடுதலாக அமைவதைச் சட்டமாக்கலுக்குப் பிந்திய மாதங்களிலேயே பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருந்தனர்.

புதிய கடைக்கு விண்ணப்பம் வந்தால் அவ்விடத்தில் அறிவித்தல் ஒட்டப்படும். அயலவர் பதினைந்து நாட்களுக்குள் கருத்துச் சொல்லலாம். ஆனால் பொதுச் சுகாதாரமும் பாதுகாப்பும், இளையோர் பாதுகாப்பு, சட்டவிரோத வணிகத்தைத் தடுத்தல் என்ற மூன்றைப் பற்றி மட்டுமே சொல்லலாம். "எங்கள் வீதியில் ஏற்கெனவே ஐந்து கடைகள் இருக்கின்றன" என்பது இம்மூன்றில் எதிலும் அடங்காது. சிறுவர் கண்ணில் பொருள் படக்கூடாது என்ற சட்டத்துக்கு இணங்க, கடைகள் தம் முகப்புக் கண்ணாடிகளை மறைத்துக்கொண்டன. ஒரு வீதியில் அப்படிப்பட்ட ஒரு கடை இருந்தால் எவருக்கும் உறுத்தாது. அடுத்தடுத்து ஐந்து கடைகள் கண்ணாடியை மூடிக்கொண்டு நின்றால் அந்த வீதியில் நடப்பதன் சுகமே போய்விடும். ரொட்டிக் கடைக்காரரும் தையற்காரரும் கவலைப்பட்டது இதற்காகத்தான். கஞ்சா பாவமா, இல்லையா என்ற விவாதத்துக்கும் அந்தக் கவலைக்கும் சம்பந்தமில்லை.

கொத்துக் கொத்தாக முளைப்பதைத் தடுப்பது முடியாத காரியமும் அல்ல. இதே நாட்டில் வன்கூவர் மாநகர சபை, கஞ்சா சட்டபூர்வமாவதற்கு முன்னரே, 2015 ஜூனில், அப்போது கண்டபடி பெருகியிருந்த மருத்துவக் கஞ்சாக் கடைகளை ஒழுங்குபடுத்த முனைந்தது. பாடசாலையிலிருந்து 300 மீற்றர், சமூக நிலையத்திலிருந்து 300 மீற்றர், ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கும் 300 மீற்றர் என்று விதித்தது. கல்கரியும் கடைக்கும் கடைக்கும் இடையில் 300 மீற்றர் வைத்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவும் அல்பேட்டாவும் தம் நகரங்களை நம்பிக் கொடுத்த அதிகாரத்தை ஒன்ராறியோ தன் நகரங்களுக்குக் கொடுக்கவில்லை. ரொறன்ரோ கேட்டும் கொடுக்கவில்லை.

பாடசாலைத் தூரத்தைப் பற்றியும் சற்று யோசிக்கவேண்டும். பாடசாலை வாசலில் கஞ்சாக் கடை இருக்கக்கூடாது என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் தூரத்தை மட்டும் நம்புகிற விதி எவ்வளவு விரைவில் அர்த்தத்தை இழந்து வெறும் சடங்காகிவிடும் என்பதற்கு ஆம்ஸ்டர்டாம் நல்ல உதாரணம். நெதர்லாந்தில் 1976ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு "கொஃபிஷொப்" எனப்படும் கடைகளில் சிறிய அளவில் கஞ்சா விற்பது பொறுத்துக்கொள்ளப்பட்டு வந்தது. நாட்டு அரசு வெளிநாட்டவருக்கு அக்கடைகளை மூட விரும்பியபோது, சுற்றுலாப் பயணிகளைத் தடுக்க விரும்பாத மாநகரம் அதற்கு ஈடாகப் பாடசாலைகளின் அருகிலுள்ள கடைகளை மூட ஒப்புக்கொண்டது. 250 மீற்றர் எல்லை வகுக்கப்பட்டு, 2014 முதல் படிப்படியாகக் கடைகள் மூடப்பட்டன. 1970களின் தொடக்கத்திலிருந்து இயங்கிய, அந்நகரின் மிகப் பழையதான "மெல்லோ யெல்லோ" 2017ஆம் ஆண்டு பிறந்தபோது மூடியது. அருகிலிருந்த "பாடசாலை" சிகையலங்காரம் கற்பிக்கும் ஒரு நிறுவனம். தூரம் ஏறத்தாழ 230 மீற்றர். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரை உள்ளே விடக்கூடாது என்ற விதி அக்கடைகள் அனைத்துக்கும் ஏற்கெனவே இருந்தது. ஆகவே அந்த இருபது மீற்றரால் எந்தச் சிறுவன் காப்பாற்றப்பட்டான் என்று கேட்டால் விடையில்லை. அளக்கக் கூடியதை அளந்துவிட்டோம் என்ற திருப்தி மட்டும் மிஞ்சியது. அதே நாட்டில் கடையின் முன்வாசல் பொறுத்துக்கொள்ளப்பட்டு, சரக்கு வரும் பின்வாசல் சட்டவிரோதமாகவே இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நீடித்த அந்த முரணைத் தீர்ப்பதற்கான பரிசோதனை 2023 டிசம்பரில்தான் பிரெடாவிலும் டில்பர்க்கிலும் தொடங்கியது.

தூரமா, எண்ணிக்கையா என்ற இக்கேள்வி ஏதோ இன்றைக்குப் புதிதாக எழுந்ததன்று. இந்தியாவில் பிரிட்டிஷ் அரசு அமைத்த சணற் போதைப்பொருள் ஆணைக்குழு 1893-94இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்துப் பல தொகுதிகளாக அறிக்கை தந்தது. கஞ்சாவை முற்றாகத் தடைசெய்ய வேண்டாம் என்பது அதன் முடிவு. பதிலாக அது நான்கு வழிகளைச் சொன்னது: போதிய வரி, உரிமம் பெற்றவர் மட்டுமே பயிரிடுதல், சில்லறைக் கடைகளின் எண்ணிக்கையை மட்டுப்படுத்துதல், ஒருவர் வைத்திருக்கக்கூடிய அளவை மட்டுப்படுத்துதல். காலனி அரசின் வருமானக் கணக்கும் அதற்குள் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் கடைகளின் எண்ணிக்கையே ஒழுங்கின் அச்சாணி என்பதை அது நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டது. ஒன்ராறியோ வரியையும் உரிமத்தையும் முப்பது கிராம் வரம்பையும் வைத்துக்கொண்டு, நான்கில் இந்த ஒன்றைச் சந்தையிடம் விட்டுவிட்டது.

எந்த வணிகம் எந்தப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்ற ஏற்பாடு நம் இலக்கியத்துக்கும் புதிதில்லை. சிலப்பதிகாரம் காட்டும் புகாரில் அரச வீதியும் பெருவணிகர் மாளிகைகளும் பட்டினப்பாக்கத்தில் இருக்கின்றன. கள் விற்போரும் மீன் விற்போரும் உப்பு விற்போரும் கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் இருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் நாளங்காடி. அந்தப் பகுதியைப் படிக்கும்போது நகரின் செழிப்பை வியக்கிறோம். கள் விற்பவளின் பக்கத்து வீட்டுக்காரி யார், அவளுக்கு வேறிடம் போகும் வழி இருந்ததா என்று நாம் கேட்பதில்லை. இன்றைய நகர வரைபடத்தைப் படிக்கும்போதாவது அதைக் கேட்கவேண்டும்.

உள்ளூருக்கு அதிகாரம் கொடுத்தால் அது தடையாகத்தானே முடியும் என்று நம்மை மறுப்பவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. கலிபோர்னியா அதற்குச் சாட்சி. 2016 நவம்பரில் அம்மாநில மக்கள் 64ஆம் முன்மொழிவை ஏறத்தாழ 57 சதவீத ஆதரவோடு நிறைவேற்றினார்கள். பாடசாலையிலிருந்து 600 அடி என்பது பொது விதி. உள்ளூராட்சிகள் அதைக் கூட்டலாம், குறைக்கலாம், கடைகளை முற்றாகத் தடுக்கவும் செய்யலாம். பெரும்பான்மையான நகரங்களும் கவுன்ரிகளும் தடுத்தே விட்டன. ஆதரவாக வாக்களித்த ஊர்களிலேயே "இங்கே வேண்டாம்" என்ற குரல் வென்றது. கடையில்லாப் பெரும்பரப்பில் பழைய கள்ளச்சந்தை எந்தச் சிரமமும் இல்லாமல் தொடர்ந்தது. மிசிசாகாவின் கதையும் இதற்குக் கிட்டத்தான். 2018 டிசம்பரில் மறுத்த அந்நகரம், சட்டவிரோதக் கடைகளைப் பார்த்துச் சலித்து, 2023 ஏப்ரலில் மனம் மாறி ஏற்றுக்கொண்டது. அந்த நான்கு ஆண்டுகளும் அங்கே கஞ்சா விற்கத்தான்பட்டது. வயதைக் கேட்காதவர்களும் சரக்கைப் பரிசோதிக்காதவர்களும் விற்றார்கள்.

ஆகவே நாம் கேட்பது முற்றான உள்ளூர் அதிகாரத்தை அன்று. சட்டபூர்வமான ஒன்றை முழுமையாக விலக்கும் அதிகாரம் எந்த ஊருக்கும் வேண்டாம். மக்கள்தொகைக்கேற்ற ஒரு குறைந்தபட்சத்தை ஒவ்வோர் ஊரும் ஏற்கட்டும். அதற்கு மேல், கடைக்கும் கடைக்கும் உள்ள தூரத்தையும், ஒரு வட்டாரத்துக்கு எத்தனை என்பதையும், எந்த வீதி என்பதையும் ஊரே தீர்மானிக்கட்டும். செல்வம் மிகுந்த ஊர் "எங்களுக்கு வேண்டாம்" என்று கையைக் கழுவவும் கூடாது. அந்த மறுப்பின் பாரத்தை ஏழை வட்டாரம் சத்தமில்லாமல் சுமக்கவும் கூடாது.

சந்தையே தன்னைத் திருத்திக்கொள்ளும், மிகையான கடைகள் தாமாக மூடும் என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான், பல மூடின. ஆனால் நின்றுபிடிக்கக் கூடியவை பெரும்பாலும் சங்கிலிக் கடைகள். ஒரு நிறுவனம் 75 கடைகள் வரை வைத்திருக்கலாம் என்ற வரம்பை 2024 தொடக்கத்தில் 150ஆக உயர்த்திய மாகாணமும் அவர்கள் பக்கமே சாய்ந்தது. கையிருந்த சேமிப்பைப் போட்டுத் தனிக் கடை திறந்தவரே முதலில் விழுகிறார். தூர விதி ஒன்று இருந்திருந்தால் அயலவருக்கு மட்டுமன்றி அவருக்கும் அது காவலாக இருந்திருக்கும்.

மதுவோடு ஒப்பிட்டால் இவ்விதிகளின் உள்மனம் இன்னும் தெளிவாகும். 2024 செப்டெம்பரில் ஒன்ராறியோ அரசு மூலைக்கடைகளில் பியரும் வைனும் விற்க அனுமதித்தது. பாடசாலையிலிருந்து 150 மீற்றர் என்று எவரும் அளக்கவில்லை. ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று நகரசபைகளைக் கேட்கவில்லை. மிட்டாய்க்கும் உருளைக்கிழங்குப் பொரியலுக்கும் பக்கத்தில் பியர் அடுக்கப்பட்டது. மது கஞ்சாவைவிடத் தீங்கு குறைந்தது என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். தீங்கை அளந்து எழுதப்பட்ட விதிகளென்றால் இரண்டுக்கும் ஏதேனும் ஒப்புமை இருந்திருக்கும். பழகிய போதைக்கு ஒரு வரைபடமும் பழகாத போதைக்கு வேறொரு வரைபடமும் வரையப்பட்டிருக்கின்றன.

இது நம் சமூகத்துக்கும் உரிய பேச்சு. "கஞ்சா" என்ற சொல்லே தமிழில் பாதி வசை. அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் பெற்றோர் முகம் சுளிப்பதை நாம் குறை சொல்லப்போவதில்லை. ஸ்காபரோவின் அடுக்குமாடிகளில் வாழ்வைத் தொடங்கி, இரண்டு வேலை பார்த்து, மார்க்கத்தில் வீடு வாங்கிப் போனவர்கள் நம்மில் ஏராளம். "நல்ல இடம்" என்று அவர்கள் சொல்லும்போது, அங்கே என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருளாக இருக்கிறது. அவர்கள் விட்டுவந்த அடுக்குமாடியில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. அக்குடும்பத்துக்கும் பாடசாலை போகும் பிள்ளை உண்டு. அந்தப் பிள்ளை நடந்துபோகும் வீதிக்கு எத்தனை கடைகள் என்பதில் மார்க்கத்தின் தீர்மானத்துக்கும் பங்கு உண்டு.

1923 முதல் 2018 வரை கஞ்சாவை வைத்திருந்ததற்காகப் பிடிபட்டவர்களில் வசதியான தெருக்களின் பிள்ளைகளைவிட வசதியற்ற தெருக்களின் பிள்ளைகளே அதிகம் குற்றப்பதிவோடு மிஞ்சினார்கள். 2019 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த சட்டம் அப்பதிவுகளைக் கட்டணமின்றி இடைநிறுத்த வழி செய்தது, அழித்துவிடவில்லை. விண்ணப்பித்தவர்களும் மிகச் சிலரே. தடையின் காலத்தில் அதன் பாரம் எந்த வட்டாரங்களின் மேல் விழுந்ததோ, அனுமதியின் காலத்தில் கடைகளின் பாரமும் அதே வட்டாரங்களின் மேலேயே விழுகிறது. சட்டம் மாறியும் முகவரி மாறவில்லை.

அடுத்த முறை நகரசபைத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் கஞ்சாவை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா என்று கேட்பதில் பயனில்லை. அந்த விவாதம் முடிந்துவிட்டது. எங்கள் வட்டாரத்தில் எத்தனை, பக்கத்து வட்டாரத்தில் எத்தனை, அந்த எண்ணை யார் தீர்மானித்தது என்று கேட்போம். மாகாணத்திடமிருந்து அந்த அதிகாரத்தைக் கேட்டுப் பெறுவாரா என்றும் கேட்போம். விடை நமக்குச் சாதகமாக இல்லாமல் போகலாம். நம் தெருவுக்கும் ஒரு கடை வரவேண்டும் என்றுகூட அது முடியலாம். அதையும் ஏற்கும் மனம் நமக்கு இருக்குமானால்தான் கேள்வி கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.